கம்பு நின்ற இடம்

ஹாஜறாவுக்கு யாரிடமும் யோசனை கேட்கிற பழக்கம் கிடையாது. சொல்கிற பழக்கம்தான் உண்டு. அன்று காலையும் அப்படித்தான். மேசன் முகம்மது தம்பி அவள் வீட்டின் மேல் தட்டில் நின்று தலையைச் சொறிந்துகொண்டு, அக்காவைக் கூப்பிடுகிற ஊர் முறையில், "தாத்தா, இந்தக் கம்பு தூணோட ஒட்டி நிக்கி, பலகை அடிக்க ஏலாம இரிக்கி" என்று சொல்லி வாய் மூடவில்லை, கீழே கிணற்றடியிலிருந்து பதில் போய்விட்டது.

"அதுக்கென்ன, அவுத்து அங்கால தூணுல கட்டிப் போடுங்க! ஒடச்சிப் போடாதீங்க, அவ்வளவுதான்."

முகம்மது தம்பியும் சொன்னபடி செய்தார். வடக்குத் தூணின் கம்பியில் கட்டியிருந்ததை அவிழ்த்து, அறையின் அகலத்துக்கு இந்தப் பக்கம் வந்து, தெற்குத் தூணின் கம்பியில் நல்ல இறுக்கமாகக் கட்டினார். ஹாஜறா கை துடைத்துக்கொண்டு மேலே ஏறி வந்து ஒருமுறை பார்த்தாள். கம்பில் மாட்டியிருந்த பெட்டியில் பச்சை லைட்டு எரிந்துகொண்டிருந்தது. பச்சை எரிகிறது, மறுகா என்ன? திருப்தியோடு இறங்கிப் போய் மேசன்மாருக்குத் தேத்தண்ணி ஊற்றினாள்.

அந்தக் கரையோர ஊர்களில் பெண்பிள்ளைக்குக் கலியாணம் என்றால் முதலில் வீடு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடி வருவார். பெண்ணுக்கென்று ஒரு கூரை இல்லாமல் பேச்சே எடுக்க முடியாது. காலிதீனுக்கும் ஹாஜறாவுக்கும் அப்னா ஒரே மகள். வளவில் இன்னொரு வீடு கட்ட இடமில்லை. கடல் வேறு வருடா வருடம் வளவைக் கடித்துக்கொண்டு வருகிறது. ஆகவே இருக்கிற வீட்டுக்கு மேலேயே அப்னாவுக்கு ஒரு வீடு. மாப்பிள்ளை றினோஸ், காலிதீனின் தங்கச்சி மகன். மாமாவோடு ஒரே தோணியில் கடலுக்குப் போகிறவன். அவன் குடிவரப் போகிற வீட்டின் தூணுக்குத்தான் அன்று பலகை அடித்தார்கள்.

கம்பு கம்பு என்று எல்லோரும் சொன்னாலும் அது வெறும் கம்பல்ல. ஆளுயர இரும்புக் குழாய். உச்சியில் வெள்ளைக் காளான் மாதிரி ஒரு அன்டெனா. இடுப்பளவில் ஒரு பற்றரியும், பச்சை லைட்டு வைத்த சிறு பெட்டியும். கல்முனையில் நில அளவை வேலை செய்கிற ஜெனுஷன் என்ற பெடியன், பரீட்சித்துப் பார்க்கவென்று கொண்டுவந்து நட்டது. கையில் பிடிக்கத் திரை வைத்த ஒரு சிறு செட்டையும் காலிதீனிடம் கொடுத்திருந்தான். அவன் காலிதீனை அண்ணன் முறையில் 'நானா' என்பான்; அவருக்கு இப்படி விளங்கப்படுத்தினான்.

"நானா, போன் காட்டுற இடம் ஒரு வீட்டளவுக்குப் பிழைக்கும். சாட்டலைட் சிக்னல் வானத்தால வாற வழியில தடுமாறித்தான் வருது. இந்தக் கம்புக்கு, தான் நிக்கிற இடம் சரியாத் தெரியும். சாட்டலைட் இப்ப எவ்வளவு பிழைவிடுது எண்டு பாத்து, உங்கட கையில இருக்கிற செட்டுக்கு ரேடியோவில சொல்லிக்கொண்டே இருக்கும். செட்டு அந்தப் பிழையக் கழிச்சிப்போட்டு, ஒரு சாண் பிசகாமக் காட்டும்."

காலிதீன் கேட்டது ஒரே கேள்விதான். "வாசலக் காட்டுமா?"

வாசல் என்றால் கல்வாசல். கடலரிப்பைத் தடுக்கவென்று கரைக்கு முன்னால் கடலுக்குள் இரண்டு குவியலாகக் கருங்கல் கொட்டியிருந்தார்கள். நடுவில் இரண்டு தோணிகள் உரசிக்கொண்டு போகிற அகலத்துக்கு ஒரு வழி. கடல் நல்லாக இருக்கிற நாளில் கல் கண்ணுக்குத் தெரியும், கண்ணை மூடிக்கொண்டும் உள்ளே வரலாம். மாரி தொடங்கி வாடைக்காற்று எழும்பிவிட்டால் கல்லெல்லாம் தண்ணீருக்குள் போய்விடும். எங்கு பார்த்தாலும் நுரை. எது வழி, எது கல் என்று கடலில் நிற்பவனுக்கு மட்டுக்கட்ட ஏலாது. அந்தக் கல்லில் அடிபட்ட தோணி எதுவும் முழுசாகக் கரை சேர்ந்ததில்லை.

கம்பு வருவதற்கு முன்னால் அந்த வேலைக்கு ஹாஜறா இருந்தாள். மேல் தட்டில் ஏறி நின்று சிவப்புச் சீலை ஒன்றைக் காட்டுவாள். இரண்டு பக்கமும் வீசி ஆட்டினால், வராதே, பிழை. ஆட்டத்தை நிறுத்தி அசையாமல் உயர்த்திப் பிடித்தால், இதுதான் நேர், வா. அந்தக் கரையில் எல்லா வீட்டாருக்கும் இது தெரிந்த பாஷை. ஹாஜறாவிடம் மட்டும் ஒரு கோளாறு. அவளுக்கு எந்த நேரமும் அவசரம். மூன்று வீச்சு வீசுவாள், மூன்றாவது வீச்சு பாதி வழியிலேயே திரும்பிவிடும். "எண்ட பொஞ்சாதி ரெண்டரை வீச்சுக்காரி" என்று காலிதீன் மீன்வாடியில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

அவளுக்கு அந்த வேலை பிடிக்காது. தன் கை கொஞ்சம் பிசகினால் ஒரு மனிதன் கல்லில் அடிபட்டுச் சாவான் என்கிற நினைப்போடு யாரால்தான் சீலை காட்ட முடியும்? ஜெனுஷனும் காலிதீனும் அமைதியான ஒரு நாளில் செட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, கல் கல்லாகப் போய்ச் செட்டிலேயே அடையாளம் பதிந்துவிட்டு வந்தார்கள். அன்றைக்கே அவள் இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு, அந்தச் சீலையைக் கிழித்து அடுப்படித் துணியாக்கினாள். அதற்குப் பிறகு காலிதீன் மேல் தட்டைப் பார்ப்பதே இல்லை. செட்டின் திரையில் நடுவில் தோணி நிற்கும். வாசல் தானாகக் கிட்ட வரும். அதைப் பார்த்தபடி உள்ளே வந்துவிடுவார்.

அன்று கடல் காலையிலேயே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. மற்றவர்கள் தோணியை மேலே இழுத்துப் போட்டுவிட்டார்கள். காலிதீன் மட்டும், "செட்டு இரிக்கிதானே, லுஹருக்கு முந்தி வந்திருவம்" என்று விடியற்காலைச் சுபஹுக்குப் பிறகு றினோஸையும் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். செட்டு இல்லாவிட்டால் அவர் போயிருக்க மாட்டார். மேசன்மார் வந்தது அதற்குப் பிறகு.

பகலில் மழை பிடித்தது. மழை என்றால் இப்படி அப்படி மழையில்லை, வானத்தையே கவிழ்த்து ஊற்றுகிற மழை. மேசன்மார் தூணுக்குக் கொங்கிறீட்டைப் போட்டு, பொலித்தீனால் மூடிவிட்டு வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். நண்பகல் லுஹர் தொழுகையும் போனது. தோணி வரவில்லை. ஹாஜறா வீட்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். விறாந்தையில் தோணி மிசினுக்கான இரண்டாவது எண்ணெய்க் கலன் அப்படியே நின்றது. காலையில் அதை ஏற்றவில்லை, கிட்டத்தில்தானே போகிறோம் என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதைக் கண்டதும் அவருடைய போனுக்கு அடித்துப் பார்த்தாள், கோல் போகவில்லை.

பின்னேர அசர் பாங்கு சொல்லி முடிகிற நேரம் போன் அடித்தது. பாய்ந்து போய் எடுத்தாள். காலிதீன் இல்லை, ஜெனுஷன்.

"அக்கா, நானா கடலுக்குப் போயிட்டாரா? வானம் சரியில்ல, அதான் எடுத்தன்."

"போயிட்டார் தம்பி. இன்னும் வரல்ல. போனும் வேலை செய்யுதில்ல. எனக்கு நெஞ்சு படபடக்கி."

"பயப்படாதீங்க. கம்பு நிக்கிற மட்டும் ஒண்டும் நடக்காது. லைட்டு பச்சைதானே?"

"ஓம், பச்சைதான் எரியிது. காலையிலயும் பாத்தன். மேசன் ஆக்கள் தூணுக்குப் பலகை அடிக்க எடஞ்சலா நிக்கெண்டு கொஞ்சம் அங்கால வெச்சாங்க, அதுக்கும் நல்லாத்தான் எரியிது."

கோல் அறுந்துவிட்டதோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"தம்பி?"

"அக்கா." அவன் குரல் மாறியிருந்தது. "எங்க வெச்சாங்க? எவ்வளவு தூரம்?"

"இஞ்சதான். வடக்குத் தூணுல இருந்து தெக்குத் தூணுக்கு. ஒரு அறை அகலம்."

"யேசுவே" என்றான் ஜெனுஷன்.

"என்ன தம்பி? என்ன? சொல்லுங்களன்!"

"அக்கா, கம்புக்கு அது நகந்தது தெரியாது. தான் பழைய இடத்திலதான் நிக்கிறன் எண்டு நெனச்சிக்கொண்டுதான் கதைக்கும். பச்சை எரியும். எல்லாம் சரி மாதிரித்தான் இருக்கும். ஆனா கம்பு போன பக்கம் வாசலும் போயிரும். நீங்க ஒரு அறை அகலம் தெற்கால வெச்சா, செட்டு வாசலயும் ஒரு அறை அகலம் தெற்காலதான் காட்டும்."

ஹாஜறாவுக்கு அது விளங்க ஒரு மூச்சு எடுத்தது. வாசலின் அகலம் இரண்டு தோணி. அதன் நடுவிலிருந்து ஒரு அறை அகலம் தெற்கே போனால் அங்கே வழியில்லை. அங்கே தெற்குக் கல்.

நான் சொன்னேனே. கிணற்றடியில் நின்று வாயைத் திறந்து நான்தானே சொன்னேன். முகம்மது தம்பி கேட்கத்தானே செய்தார்?

"அக்கா, கேக்குதா? நான் அம்பாறையில நிக்கிறன், றோட்டுக்கு மேலால தண்ணி பாயுது, வர ஏலாது. பற்றரி வயரக் கழட்டிவிடுங்க. செட்டு சிவப்பாகிரும். சிவப்பெண்டா நானா நம்பமாட்டார், வெளியிலயே நிப்பார்."

"வெளியில நிக்க எண்ணெய் இல்ல தம்பி! மத்தக் கலன் இஞ்ச விறாந்தையில இரிக்கி. மிசின் நிண்டா அந்தக் கடல் தோணியக் கல்லுலதான் கொண்டந்து போடும்."

"அப்ப பழைய இடத்தில..." என்று தொடங்கியவன் நிறுத்திவிட்டான். அவன் மூச்சு வாங்குவது கேட்டது. "வெச்சா வாசல் துள்ளும் அக்கா. செட்டுல துள்ளினது தெரியும். வாசல் துள்ளினா கம்பு உழுந்திட்டு எண்டு அர்த்தம், துள்ள முந்திக் காட்டினதுதான் சரி, அதப் புடிச்சிக்கொண்டு வாங்க எண்டு... நான்தான் நானாக்குப் படிச்சிக் குடுத்தன்."

அதற்குப் பிறகு கீச்சென்று ஒரு சத்தம். போன் அறுந்துவிட்டது.

ஹாஜறா போனைக் கட்டிலில் எறிந்துவிட்டு ஓடினாள். "என்ன உம்மா?" என்று அப்னா பின்னால் வந்தாள். கைப்பிடிச் சுவர் வைக்காத படிக்கட்டு. மழைத் தண்ணீர் அருவி மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு தடவை வழுக்கி, முழங்கால் தோல் உரிந்து, மேலே ஏறினாள்.

கடல் தெரியவில்லை. மழையும் நுரையும் வானமும் ஒரே சாம்பல். காற்று வந்து மழையை ஒருமுறை ஒதுக்கியது. அப்போது கண்டாள். தோணி. கல்லுக்கு அப்பால், இரண்டு அலை தள்ளி. முன்னால் றினோஸ் குந்தியிருக்கிறான். பின்னால் காலிதீன், ஒரு கை மிசினில், ஒரு கை நெஞ்சுக்கு நேரே. அந்தக் கையில்தான் செட்டு. தலையை நிமிர்த்தவே இல்லை. தோணியின் மூக்கு நேரே தெற்குக் கல்லைப் பார்த்திருந்தது. ஒரு தடுமாற்றமில்லை, ஒரு சந்தேகமில்லை. நம்பி வருகிறார் மனிசன்.

"யா அல்லாஹ்!" என்று கத்தினாள். "இஞ்சால! இஞ்சால பாருங்க!"

அந்தக் காற்றில் அவள் கத்தியது பக்கத்தில் நின்ற அப்னாவுக்கே சரியாகக் கேட்டிருக்காது. அப்னா தன் முக்காட்டை இழுத்து எடுத்து வீசினாள். கறுப்பு முக்காடு, கறுத்த வானம். சிவப்புச் சீலை அடுப்படியில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. இருந்திருந்தாலும் என்ன, அவர்தான் இங்கே பார்ப்பதில்லையே. அவர் பார்ப்பது ஒன்றைத்தான்.

அவர் பார்ப்பது இந்தக் கம்பைத்தான்.

அந்த நினைப்பு அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று பிறகு எத்தனை பேர் கேட்டும் அவளால் சொல்ல முடியவில்லை. மண்டைக்குள் யோசனை என்று எதுவும் ஓடவில்லை, பயம்தான் ஓடியது. வாசல் துள்ளினால் நம்பமாட்டார். ஒருமுறை துள்ளினால் நம்பமாட்டார். துள்ளிக்கொண்டே இருந்தால்? ஆடினால்? சீலை மாதிரி ஆடினால்?

பாய்ந்துபோய்த் தெற்குத் தூணில் கட்டுக்கம்பியை அவிழ்த்தாள். முகம்மது தம்பி எதைச் செய்தாலும் இறுக்கமாகச் செய்கிற ஆள், நாசமாய்ப் போக. விரல் கிழிந்து இரத்தம் வந்தது. அப்னாவும் கை கொடுத்தாள். கடைசி முறுக்கு விட்டதும் கம்பு பாரத்தோடு அவள் தோளில் சாய்ந்தது. பச்சை லைட்டு எரிந்துகொண்டே இருந்தது. எரியட்டும், இன்னும் கொஞ்சம் எரியட்டும்.

"என்ன உம்மா செய்யிறீங்க? மின்னுதும்மா, இரும்பு!"

"விலகி நில்லு மகள்!"

கம்பை இரண்டு கையாலும் அணைத்து நிமிர்த்திப் பிடித்தபடி வடக்குத் தூணை நோக்கி ஓடினாள். திரும்பினாள். தெற்குத் தூணுக்கு ஓடினாள். ஒரு வீச்சு. திரும்ப வடக்கே, திரும்பத் தெற்கே. இரண்டு. வெறும் கால், பாசி பிடித்த தட்டு, ஓரத்தில் சுவரில்லை. விழுந்தால் கீழே கருங்கல் ஜல்லி. திரும்ப வடக்கே ஓடி, தெற்கே திரும்பியவள், பாதி வழியில் தோணியைப் பார்த்தாள்.

தோணி அடுத்த அலையில் ஏறிக்கொண்டிருந்தது. தெற்குக் கல்லுக்கு மேல் தண்ணீர் எழும்பி உடைந்தது. ஒரு கணம் கல்லின் கறுத்த முதுகு தெரிந்தது. தோணி அதற்கு நேரே.

அவளுக்கு மேற்கொண்டு ஓடக் கால் வரவில்லை. பாதி வழியிலேயே திரும்பிவிட்டாள். வடக்குத் தூணுக்கு வந்து, முழங்காலில் விழுந்து எழும்பி, கம்பைப் பழைய இடத்தில் வைத்தாள். பலகைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த தூண்கம்பிகளில் ஒன்றில் பழைய கட்டின் மிச்சம், ஒரு துண்டுக் கட்டுக்கம்பி, முறுக்கோடு அப்படியே கிடந்தது. அந்த முறுக்கில் குழாயை ஒட்டினாள். நெஞ்சால் அழுத்தினாள். அசையாமல் பிடித்தாள். இதுதான் நேர். வாங்க. இல்ல, நில்லுங்க, வராதீங்க, இல்ல வாங்க. யா அல்லாஹ், என்ன சொல்கிறேன் நான்?

மிசின் சத்தம் திடீரென்று இறங்கியது.

மழைக்குள் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். தோணி முன்னால் வரவில்லை. மூக்கை அலைக்குக் குத்திக்கொண்டு, அதே இடத்தில் ஏறி இறங்கி நின்றது. காலிதீன் தலை நிமிர்ந்திருந்தது. இவ்வளவு தூரத்தில் முகம் தெரியாது. ஆனால் தலை நிமிர்ந்திருந்தது தெரிந்தது. றினோஸ் திரும்பிப் பார்த்து என்னவோ கத்துகிறான்.

இனித்தான் பெரிய பயம். இது வரைக்கும் ஓட்டம் இருந்தது, இனி நிற்க வேண்டும். அவள் கை நடுங்கியது. கை நடுங்கினால் கம்பு நடுங்கும். கம்பு நடுங்கினால் அங்கே வாசல் நடுங்கும். ஒரு சாண் பிசகாது என்று ஜெனுஷன் பெருமையாகச் சொன்னானே, அதே சாண் இப்போது அவள் கையில் இருந்தது. உடம்பெல்லாம் வெடவெடவென்று உதறியது. குளிரா, பயமா என்று பிரிக்க முடியவில்லை. பல்லைக் கடித்தாள். மூச்சைப் பிடித்தாள். யூனுஸ் நபி மீன் வயிற்றுக்குள் இருந்து ஓதிய துஆவை ஓதத் தொடங்கினாள். சின்ன வயதிலிருந்து தெரிந்த துஆ, பாதியில் மறந்துபோனது. தொடங்கின பாதியையே திரும்பத் திரும்ப ஓதினாள்.

வானம் கிழிந்த மாதிரி ஒரு மின்னல். அப்னா அலறினாள். ஹாஜறாவின் கன்னத்துக்கு ஒரு விரலளவில் இரும்புக் குழாய், காலுக்குக் கீழே இரும்புக் கம்பி, தலைக்கு மேலே வானம். இதை விடு என்று உடம்பு முழுக்கக் கெஞ்சியது. விடவில்லை. கண்ணை மூடினால் கை நடுக்கம் குறைந்தது. ஆகவே கண்ணை மூடிக்கொண்டாள்.

கண்ணை மூடியபடி கேட்டாள். மிசின் சத்தம் முதலில் சிறிதாக, பிறகு ஒரேயடியாகப் பெரிதாக எழும்பியது. வருகிறார். எந்த வாசலுக்கு? துள்ளுவதற்கு முன்னால் காட்டியதற்கா, இப்போது காட்டுவதற்கா? அவளுக்குத் தெரியாது. கண்ணைத் திறந்து பார்க்கிற தைரியம் வரவில்லை. அலை உடைகிற சத்தத்தில் மிசின் சத்தம் முங்கியது. மரம் முறிகிற மாதிரி ஒரு சத்தம் வரும் என்று காத்திருந்தாள். கல்லில் தோணி அடிபட்டால் அப்படித்தான் கேட்கும். முன்பொரு மாரியில் கேட்டிருக்கிறாள்.

எதுவும் கேட்கவில்லை. மிசினும் கேட்கவில்லை.

"உம்மா" என்றாள் அப்னா.

"சொல்லாத! ஒண்டும் சொல்லாத!"

"உம்மா, உள்ளுக்கு வந்துட்டு. உள்ளுக்கு நிக்கி உம்மா! கரையில ஆக்கள் ஓடிவாறாங்க, இழுக்காங்க. வாப்பா இறங்கிட்டார். ரெண்டு பேரும் இறங்கிட்டாங்க!" சொல்லிக்கொண்டே அப்னா விம்மி விம்மி அழத் தொடங்கிவிட்டாள்.

ஹாஜறா கண்ணைத் திறக்கவில்லை. கம்பையும் விடவில்லை.

படிக்கட்டில் காலடி கேட்டது. உப்பும் எண்ணெயும் மீனும் கலந்த மணம் கிட்ட வந்தது. காலிதீன் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கும் மூச்சு வாங்கியது.

"ஹாஜறா, விடு. வந்திட்டம்."

"றினோஸ்?"

"கீழ நிக்கான். வயித்தப் பிரட்டிச் சத்தி எடுக்கான். உசிரோடதான் நிக்கான். கையை விடு புள்ள."

"நான்தான் கம்ப மாத்தின" என்றாள். கண்ணீர் அப்போதுதான் வந்தது. "மேசன் கேட்டார், நான்தான் அங்கால வைக்கச் சொன்ன. பச்சை எரிஞ்சிச்சி, எனக்கு விளங்கல்ல. நான் உங்கள ரெண்டு பேரையும் கொல்லப் பாத்தன்."

அவர் தெற்குத் தூணைப் பார்த்தார், அதில் தொங்கிக்கொண்டிருந்த கட்டுக்கம்பியைப் பார்த்தார், வடக்குத் தூணைப் பார்த்தார். கணக்கு அவருக்கும் அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். ஈரச் சாறனோடு அப்படியே தட்டில் குந்தினார்.

"மொத தரம் வாசல் துள்ளினோடன கம்பு உழுந்திட்டு எண்டுதான் நெனச்சன்" என்றார். "சரி, பழைய கோட்டப் புடிச்சிக்கொண்டு போவம் எண்டு மிசின முடுக்கப் போனன். கையத் திருப்பிட்டன். மறுகா வாசல் இஞ்சால வந்திச்சி. அங்கால போச்சி. காத்து அப்படிச் செய்யாதே எண்டு பாக்கிறன், மூணாவது வீச்சு பாதியில திரும்பிட்டு."

அவர் முகத்தைக் கையால் துடைத்தார். மழையா வேறொன்றா என்று தெரியவில்லை.

"ரெண்டரை வீச்சு. அது ஆரெண்டு எனக்குத் தெரியாதா?"

ஹாஜறா குழாயில் முகத்தைப் புதைத்து அழுதாள். சத்தம் போட்டு, ஊர் கேட்க அழுதாள்.

"மறுகா வாசல் ஒரு இடத்தில நிண்டு நடுங்கிச்சி" என்றார் காலிதீன். "அவ்வளவு நேரமும் எனக்குப் பயம் இல்ல. அந்த நடுக்கத்தப் பாத்தோடனதான் பயம் வந்த. இவ என்னத்தையோ கண்டுட்டா, நான் எங்கயோ பிழையாப் போறன் எண்டு அப்பதான் விளங்கினிச்சி. பிறகு நடுக்கம் குறைஞ்சிச்சி. அதுக்குள்ளால வந்தன்."

மழை கொஞ்சம் விட்டிருந்தது. கடல் மட்டும் இன்னும் இரண்டு கல்லிலும் அடித்துக்கொண்டிருந்தது. தெற்குக் கல்லின் மேல் நுரை எழும்பி விழுவதை மூன்று பேரும் பார்த்தார்கள்.

"இனிக் கையை விடு" என்றார் மறுபடி.

"ஏலா" என்றாள். உண்மையாகவே ஏலவில்லை. விரல்கள் குழாயைச் சுற்றி மரத்துப்போயிருந்தன. "நீங்க உள்ளுக்கு வந்துட்டீங்க எண்டு எனக்கு இன்னும் நம்ப ஏலாம இரிக்கி. நான் விட்டா திரும்ப வெளியில போயிருவீங்க மாதிரி இரிக்கி."

காலிதீன் எழும்பினார். தெற்குத் தூணில் தொங்கிய கட்டுக்கம்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். அவள் பிடித்தபடியே இருக்க, குழாயையும் தூண்கம்பியையும் சேர்த்துச் சுற்றி, பழைய முறுக்கிலேயே முறுக்கத் தொடங்கினார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. அவருடைய கை அவள் கையில் பட்டபோது இரண்டு கையும் ஒரே மாதிரி நடுங்கின.

"மேசனுக்கு நாளைக்குச் சொல்லு" என்றார் முறுக்கிக்கொண்டே. "அப்னாட வீட்ட கம்பச் சுத்திக் கட்டட்டும்."

"நான் ஒண்டும் சொல்லமாட்டன்" என்றாள் ஹாஜறா. "ஜெனுஷன் தம்பிட்ட கேட்டு, நீங்களே சொல்லுங்க."

கடைசி முறுக்கும் இறுகி, காலிதீன் கம்பைப் பிடித்து ஒருமுறை உலுக்கிப் பார்த்து, அது அசையவில்லை என்று தெரிந்த பிறகுதான் அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள்.